பூச்சி என்று நினைத்தது

விழித்திரை வார்டில் நிமிர்ந்து நடப்பவர்கள் டாக்டர்களும் நர்ஸுகளும் பார்க்க வந்தவர்களும் மட்டும்தான். மற்ற எல்லாரும் எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிறவர்கள் போலத் தரையைப் பார்த்தபடியே நடமாடுகிறார்கள். விசிலக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளி வந்தபோது அவளும் தாடை நெஞ்சில் இடிக்கக் குனிந்துகொண்டுதான் வந்தாள். அவள் கண்ணில் பட்டதெல்லாம் தரையும், சக்கரமும், பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வந்த நாத்தனாரின் கால்களும்தான். அவசரத்தில் ஒரு காலில் ஒரு செருப்பும் மறுகாலில் வேறொன்றுமாக மாட்டிக்கொண்டு வந்திருந்தாள் அந்தப் புண்ணியவதி.

"ஏண்டி, செருப்பு ரெண்டும் ரெண்டு தினுசா இருக்கு."

"தலைதான் குனிஞ்சிருக்கு. குறை சொல்ற வாய் நிமிர்ந்துதான் இருக்கு அண்ணி," என்றாள் நாத்தனார்.

விசிலக்காவின் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கரைக்கு வர இன்னும் நாளாகும். அதனால் தங்கையை அனுப்பியிருந்தார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அறை நடையின் கடைசியில் இருந்தது. ஜன்னலுக்குத் தடித்த திரை. இரண்டு கட்டில்களில் ஒன்று காலி. விசிலக்காவுக்கான கட்டிலில் தலைமாட்டில் வட்டமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் முகத்தைப் பதித்துக் கவிழ்ந்து படுக்க வேண்டும்.

பெரிய நர்ஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சட்டம் பேசினார். "கேட்டுக்கோங்க. உங்க இடது கண்ணுக்குள்ள வாயுக் குமிழி ஒண்ணு வெச்சிருக்காங்க. குமிழி எப்பவும் மேல்பக்கமாத்தான் மிதக்கும். நீங்க கவிழ்ந்து கிடந்தா அது கண்ணோட பின்பக்கம் போய் ரெட்டினாவைச் சுவரோட அழுத்திப் பிடிக்கும். ஒட்டிக்கற வரைக்கும் பிடிச்சாகணும். நிமிர்ந்தா, மல்லாந்தா, அது முன்னாடி வந்துடும். ரெட்டினாவுல இருக்கற கிழிசல் திறந்துக்கும். அப்புறம் கண்ணைப் பத்தி எங்ககிட்ட பேசக் கூடாது."

"சாப்பாடு?"

"குனிஞ்சு சாப்பிடுங்க. பாத்ரூமுக்குக் குனிஞ்சு போங்க. யாராவது கூப்பிட்டா குனிஞ்சே என்னன்னு கேளுங்க. இன்னொண்ணு, அந்தக் கண்ணுல எல்லாம் கலங்கலாத்தான் தெரியும், தண்ணிக்குள்ள முழிச்சுப் பாக்கற மாதிரி. மூக்கு நுனிக்குப் பக்கத்துல வர்ற பொருள் மட்டும் பளிச்சுன்னு தெரியும். பயப்படாதீங்க."

தண்ணீருக்குள் விழித்துப் பார்ப்பது விசிலக்காவுக்குப் புதிதா என்ன? அவள் பிழைப்பே அதுதான்.

நகராட்சி நீச்சல் குளத்தில் அவள் காவலாளி. உயரமான நாற்காலியில் விசிலும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். ஓடினால் ஒரு விசில், ஆழப் பக்கம் தள்ளுமுள்ளு நடந்தால் நீளமாக இன்னொன்று. குளத்துக்கு வருபவர்கள் அவள் பெயரை என்றோ மறந்துவிட்டார்கள், விசிலக்கா என்றால்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பட்டப்பெயர் இருந்தது: சோடாபுட்டி. அவ்வளவு தடிமனான கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றினால் தன் கைவிரலையே தடவித்தான் எண்ண வேண்டும். குளத்திலும் முதலில் டிக்கெட் கவுண்டரில்தான் இருந்தாள். தினமும் கவுண்டர் கம்பி வழியாக அந்த உயர நாற்காலியைப் பார்த்துப் பார்த்து ஏங்கினாள். நீச்சலில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை, ஆனால் கண்ணாடி போட்டவளை யார் அந்த நாற்காலியில் ஏற்றுவார்கள்?

பிறகுதான் லேசர் செய்துகொண்டாள். மறுநாள் காலை படுக்கையில் இருந்தபடியே சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்து ஓவென்று அழுதாள். லேசர் டாக்டர் அப்போதே தலைப்பாடாகச் சொன்னார்: "கண்ணாடிதாம்மா போச்சு, கண்ணு அதே கண்ணுதான். கிட்டப்பார்வைக் கண்ணு நீளமா இருக்கும், உள்ளே ரெட்டினா இழுபட்டு மெலிசாயிருக்கும். நாங்க முன்பக்கத்தை மட்டும்தான் சரி பண்ணியிருக்கோம். வருஷா வருஷம் வந்து பின்பக்கத்தைக் காட்டிட்டுப் போங்க."

தலையாட்டினாள். ஆனால் ஒரு வருஷமும் போகவில்லை. கண்ணாடியே இல்லாதவளுக்குக் கண் டாக்டர் எதற்கு என்பது அவள் கட்சி. பழைய கண்ணாடியைக் குப்பையில் போட்டாள். பழைய போட்டோக்களைப் பெட்டிக்கு அடியில் தள்ளினாள். குளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவள் சோடாபுட்டியாக இருந்த கதையே தெரியாது. கொஞ்ச நாளில் அவளுக்கே அது மறந்துபோனது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நமக்குப் பிடிக்காத நம்மை நாமே மறப்பதில் எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான்.

அப்புறம் ஒருநாள் இடது கண்ணில் பூச்சி பறந்தது.

குளத்தின் நீலத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. கையால் விரட்டினாள், போகவில்லை. இரண்டானது, நூல் நூலாக இழுத்தது. முதலுதவி அறைக்கு வந்துபோகும் டாக்டரிடம் போனபோது கூடவே நாலு சகாக்களும் நின்றார்கள். "கண்ணாடி போடறதுண்டா?" என்று கேட்டார் அவர். "எனக்கா? இந்தக் கண்ணுக்கா?" என்று சிரித்தாள். சகாக்களும் சிரித்தார்கள். "அப்போ ஒண்ணுமில்ல, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். கண்டுக்காம இருங்க, பழகிடும்," என்றார் டாக்டர்.

அவள் பழகிக்கொண்டாள். அதற்கு ஒரு உபாயமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கண்ணை இடமும் வலமும் உருட்டுவாள். பூச்சியாக இருந்தால் அதுவும் கூடவே உருளும், தண்ணீருக்குள் இருக்கும் ஆளாக இருந்தால் இருந்த இடத்திலேயே இருக்கும். முதலில் ஒவ்வொரு பொட்டுக்கும் உருட்டிப் பார்த்தாள். போகப் போக உருட்டாமலே தெரியும் என்ற தைரியம் வந்துவிட்டது.

அந்தத் தைரியம்தான் கணக்கு டீச்சரைக் கொன்றது.

ரிட்டயரான பிறகு நீச்சல் கற்றுக்கொள்ள வந்தவர் அந்த டீச்சர். கறுப்பு நீச்சலுடை, கறுப்புத் தொப்பி. ஆழப் பக்கம் போகும் முன் ஒவ்வொரு தடவையும் கரையிலிருந்து, "விசில், என்னைப் பாத்துக்கோ!" என்று குரல் கொடுப்பார். விசிலக்கா கட்டைவிரலைக் காட்டுவாள். அன்றும் அவர் குரல் கொடுத்தார், அவள் விரலைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் இடது ஓரமாக அடித்தரையில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. சனியன் பூச்சி என்று நினைத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரோ அலறிய பிறகுதான் குதித்தாள். டீச்சரை அவள்தான் வெளியே எடுத்தாள். அவள்தான் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

விசாரணையில், "நான் பாக்கலைங்க, வெயில் தண்ணியில பட்டுக் கூசிச்சு," என்றாள். அவள் அழுத அழுகையைப் பார்த்து, கேட்டவர்களே தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்கள்.

அடுத்த வாரம் இடது கண்ணில் மின்னல் மின்னலாக வெட்டியது. ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை இறங்க ஆரம்பித்தது. அப்போதுதான் ஓடி வந்து இந்த ஆஸ்பத்திரியில் விழுந்தாள். "எத்தனை பவர் இருந்துச்சு?" என்று விழித்திரை டாக்டர் கேட்டதும் பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னாள். அவர் உச்சுக் கொட்டினார். "பூச்சி தெரிஞ்ச அன்னிக்கே வந்திருந்தா ஓட்டையைச் சுத்தி லேசர் வெச்சு அடைச்சு அனுப்பியிருப்பேன். இப்போ ஆபரேஷன். ஒட்டினா அதிர்ஷ்டம்."

இப்போது அவளிடம் மிச்சமிருந்தது அந்த அதிர்ஷ்டம் ஒன்றுதான். ஒட்டினால் கண் உண்டு, நாற்காலி உண்டு. இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. அதற்காக அவள் எத்தனை நாள் வேண்டுமானாலும் கவிழ்ந்து கிடக்கத் தயார்.

முதலில் வந்தது வாடைதான்.

கட்டிலின் ஓட்டைக்குக் கீழிருந்து குளோரின் வாடை எழுந்தது. அவளுக்குப் பழகிய வாடை, குளத்துத் தண்ணீர் தலைமுடியில் ஊறிக் காயும்போது வருவது. "இங்க என்ன ஊத்தித் துடைக்கறாங்க?" என்று கேட்டாள். "எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஊத்தறதுதான் அண்ணி. மூக்கு கூடவா சும்மா இருக்காது உங்களுக்கு?" என்றாள் நாத்தனார். சரிதான் என்று இருந்துவிட்டாள்.

அப்புறம் ஈரம். வலது கண்ணுக்குத் தரை தெளிவாகத் தெரியும். வெள்ளைச் சதுரக் கற்கள், ஒன்றின் மூலையில் விரிசல். கட்டிலுக்கு அடியில் அந்த விரிசலைச் சுற்றி ஈரம் படர்ந்திருந்தது. துடைக்க வந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே துடைத்துவிட்டுப் போனார். சாப்பிட்டு முடிப்பதற்குள் திரும்பவும் ஈரம்.

"தண்ணி டம்ளரைக் கவுத்துட்டு என் மேல பழி போடாதீங்க," என்றாள் நாத்தனார், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே.

டீச்சரின் மகள் வந்தது அதற்கு மறுநாள். இருபத்தைந்து வயது இருக்கலாம் என்று குரலை வைத்துத்தான் மதிப்பிட முடிந்தது. விசிலக்காவின் கண்ணுக்குக் கிடைத்தது இரண்டு கால்கள்தான், நாடா பிரிந்த வெள்ளை ஷூக்களில். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"அக்கா, தொந்தரவு பண்ண வரல. நீங்கதான் எங்கம்மாவைத் தூக்கினீங்கன்னு சொன்னாங்க. அதுக்கு நன்றி சொல்லாமலே இருக்கேனேன்னு..."

விசிலக்கா ஓட்டையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. அவங்க தனியா கிடந்தாங்களா, இல்ல யார் கண்ணுலயாவது பட்டாங்களா? நீங்க பாத்தீங்களா அக்கா?"

சொல்லிவிடலாம். சொன்னால் அந்த உயர நாற்காலிக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். விசாரணையில் சொன்ன பொய்யும் சந்திக்கு வரும்.

"பாக்கலம்மா," என்றாள் தரையைப் பார்த்து. முகத்தைப் பார்க்காமல் பொய் சொல்வது எவ்வளவு சுலபம்!

 அந்தப் பெண் நாத்தனாரிடம் தன் போன் நம்பரைக் கொடுத்தாள். ஏதாவது ஞாபகம் வந்தால் சொல்லச் சொன்னாள். வெள்ளை ஷூக்கள் எழுந்தன, திரும்பின, கதவுப் பக்கம் போய் மறைந்தன.

ஸ்டூலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கால்கள் நின்றிருந்தன.

வெறும் கால்கள். நீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். ஒவ்வொரு விரலிலிருந்தும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"ஏய்," என்று கிசுகிசுத்தாள் விசிலக்கா. "அந்தப் பொண்ணு கூட யாரு வந்தா?"

"தனியாத்தானே வந்துது? பாவம்."

விசிலக்கா இடது கண்ணை இறுக்கி மூடினாள். வலது கண்ணுக்குத் தெரிந்தது ஸ்டூலும் தரையும் மட்டும். வலதை மூடி இடதைத் திறந்தாள். கலங்கலான தண்ணீருக்குள் கால்கள் ஒரு அடி நகர்ந்து வந்திருந்தன.

அன்று முழுக்க அவள் இடது கண்ணைத் திறக்கவே இல்லை. பெரிய நர்ஸ் சொட்டு மருந்து விட வந்தபோது இமையை விரலால் பிரிக்க வேண்டியிருந்தது. "என்னம்மா, கண்ணை இப்படி இறுக்கி மூடிக்கிட்டிருக்கீங்க? கவிழ்ந்து கிடந்தா சில பேருக்கு மனசு ஒரு மாதிரி ஆகும். இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கோங்க. இப்போ கோட்டை விட்டுடாதீங்க," என்றார்.

மறுநாள் பிற்பகல் நாத்தனார் டீ வாங்கக் கீழே போனாள். நடையில் பேச்சுச் சத்தம் அடங்கியிருந்தது. ஜன்னல் திரைக்கு வெளியே நல்ல வெயில். அறைக்குள் மட்டும் யாரோ ஈரத் துணியைப் போர்த்திய மாதிரி குளிர்ந்தது.

குளோரின் வாடை மூக்கில் ஏறியது.

கட்டிலுக்கு அடியில் தண்ணீர் சலசலத்தது. சொட்டும் சத்தம் இல்லை. நிறையத் தண்ணீருக்குள் ஒரு உடம்பு மெதுவாகப் புரளும்போது கேட்கும் சத்தம். அவளுக்கு அது தெரியாதா?

இடது இமை தானாகவே திறந்துகொண்டது.

தரை இல்லை. சதுரக் கற்கள் எங்கோ ஆழத்தில் நீலமாக அசைந்தன. அந்த ஆழத்தில் கறுப்பாக ஒரு பொட்டு.

பூச்சிதான், என்றது மனசு. பழக்க தோஷம்.

கண்ணை இடது பக்கம் உருட்டினாள். வலது பக்கம் உருட்டினாள்.

பொட்டு உருளவில்லை.

அது மேலே வந்துகொண்டிருந்தது.

பொட்டு நீண்டது. தோள்கள் ஆனது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் மிதக்க, முகம் மேல்நோக்கி இருக்க, மல்லாந்த வாக்கில் அது மேலே வந்தது. கவிழ்ந்து கிடந்தவளுக்கு நேர் எதிராக. கறுப்புத் தொப்பி. கண்களை மறைத்த நீச்சல் கண்ணாடி. அதற்குள்ளும் தண்ணீர் நிறைந்திருந்தது. எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது, அவள் அந்தக் கலங்கலுக்கு நன்றி சொன்னாள்.

பிறகு அது பளிச்சென்று தெரிந்தது.

தொப்பியின் விளிம்பில் பிதுங்கிய நரைமுடி. மேலுதட்டில் ஒட்டியிருந்த சின்னக் குமிழிகள். ஒவ்வொன்றும் தெளிவாக.

மூக்கு நுனிக்குப் பக்கத்தில் வருவது மட்டும்தான் அந்தக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

உதடுகள் திறந்தன. ஒரு பெரிய குமிழி எழும்பி வந்து அவள் கன்னத்தில் பட்டு உடைந்தது. ஜில்லென்றிருந்தது.

"பாத்தியா?"

"இல்ல," என்றாள் விசிலக்கா. "இல்ல டீச்சர். நான் பாக்கல."

முகம் இன்னும் கிட்டே வந்தது. ஈரத் தொப்பி அவள் நெற்றியில் உரசியது.

அலறிக்கொண்டு தலையைத் தூக்கினாள். கையை ஊன்றி, முட்டியை ஊன்றி, பாதி எழுந்தும்விட்டாள். அப்போது கண்ணுக்குள் குமிழி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. ஓரத்திலிருந்து கறுப்புத் திரை, ஆபரேஷனுக்கு முன்னால் இறங்கிய அதே திரை, சரசரவென்று இறங்கத் தொடங்கியது. கால்வாசி. பாதி.

மேலே பார்த்தால் கண் போகும். கீழே பார்த்தால் டீச்சர்.

அவள் அந்தக் கண்ணுக்காக எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறாள்! இப்போது விட்டுவிட முடியுமா? பற்களைக் கிட்டித்துக்கொண்டு மறுபடியும் ஓட்டைக்குள் முகத்தைப் பதித்தாள். முகத்தோடு முகம்.

"பாத்தேன்," என்று அழுதாள். "பாத்தேன் டீச்சர். பூச்சின்னு நினைச்சுட்டேன். உங்க பொண்ணுகிட்ட சொல்லிடறேன், சத்தியமா சொல்லிடறேன். கண்ணு மட்டும் ஒட்டட்டும். ஒட்டின உடனே சொல்லிடறேன்."

 கண்ணுக்கு உள்ளே, ரொம்பப் பின்னால், ஒரு குளிர்ச்சி அழுந்தியது. வலிக்கவில்லை. திரை வந்த வழியே சுருண்டு போனது. அடியில் வெறும் தரைதான் இருந்தது, மூலையில் விரிசலோடு.

"யாரோட பேசிட்டிருந்தீங்க?" நாத்தனார் டீயோடு நின்றாள். அவளுடைய ஜோடி சேராத செருப்புகளைப் பார்த்ததும் விசிலக்காவுக்குத் தேம்பித் தேம்பி அழுகை வந்தது.

கண் ஒட்டிக்கொண்டது. குமிழி நாளுக்கு நாள் சிறுத்து, ஒரு நாள் காலையில் காணாமல் போனது. நிமிர்ந்து நடந்தாள். ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளைப் பார்த்தாள். கால்கள் வரவில்லை, வாடை வரவில்லை. குளத்திலிருந்து மேலாளர் போன் செய்து, "நாற்காலி உனக்காகத்தான் காலியா இருக்கு," என்றார்.

சத்தியம் என்ன ஆனது? இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கிறது. முதலில் கண் முழுசாக ஆறட்டும் என்று தள்ளிப் போட்டாள். பிறகு கணவர் ஊருக்கு வந்து போகட்டும் என்றாள். அப்புறம், நடந்ததைச் சொல்லி அந்தப் பெண்ணின் புண்ணை எதற்குக் கிளறுவது என்று அவளே அந்தப் பெண்ணுக்காக வக்காலத்து வாங்க ஆரம்பித்தாள். நாத்தனார் மட்டும் ஒருமுறை, "அன்னிக்கு ஏதோ பாத்தேன் பாத்தேன்னு அழுதீங்களே அண்ணி, என்ன அது?" என்று கேட்டாள். "கனா," என்றாள் விசிலக்கா.

வேலைக்குத் திரும்ப டாக்டரின் சம்மதம் வேண்டும். அதற்காகக் கடைசிப் பரிசோதனைக்கு இருவரும் வந்தார்கள். இடது கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். பளீரென்று ஒரு வெளிச்சம். கம்ப்யூட்டர் திரையில் அவள் கண்ணின் உள்பக்கம் ஆரஞ்சு வட்டமாக வந்து நின்றது.

"பிரமாதம்," என்றார் டாக்டர். "நல்லா ஒட்டியிருக்கு. இதோ பாருங்க, ஓட்டையைச் சுத்தி வெள்ளை வெள்ளையா ஆபரேஷன்ல நான் வெச்ச லேசர் புள்ளிங்க." பேனாவால் சுட்டிக்கொண்டே போனவர் நின்றார். "இது என்ன?"

புள்ளிகளுக்கு வெகு தள்ளி, தனியாக ஐந்து தழும்புகள். லேசர் புள்ளிகளைவிடப் பெரியவை, நீள்வட்டமானவை. நான்கு வரிசையாக வளைந்திருந்தன, ஐந்தாவது மட்டும் விலகிக் கீழே இருந்தது.

"இங்க நான் லேசரே வெக்கலையே. ஆனா பாருங்க, ரெட்டினா மத்த இடத்தைவிட இங்கதான் கெட்டியாப் பிடிச்சிருக்கு. இந்தப் பிடி இல்லேன்னா எப்பவோ கழண்டிருக்கும்." தலையைச் சொறிந்துகொண்டார். "லென்ஸ்ல ஏதாவது அழுக்கா இருக்கும். துடைச்சுட்டு இன்னொண்ணு எடும்மா."

உதவியாளர் லென்ஸைத் துடைத்தார். விசிலக்கா மறுபடியும் தாடையை வைத்தாள். வைக்கும் முன் தன் வலது கையை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டாள். நான்கு விரல்கள் வளைந்தபடி, கட்டைவிரல் விலகி.

வெளிச்சம் அடித்த அதே நொடியில், கண்ணுக்கு உள்ளே, பின்னால், ஏதோ ஒன்று பிடி தளர்ந்து விலகியது.

ஓரத்தில் ஒரு கறுப்புக் கீற்று இறங்கியது.

திரையில் இப்போது நான்கு தழும்புகள்தான் இருந்தன.

"பாத்தீங்களா, துடைச்சதும் ஒண்ணு போயிடுச்சு. அழுக்குதான்," என்றார் டாக்டர் நிம்மதியாக.

விசிலக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாத்தனாரின் கையைப் பிடித்தாள். "அந்தப் பொண்ணு நம்பர் இருக்கா? போடு. இப்பவே போடு."

மணி அடித்தது. எடுத்தாள். அந்தப் பெண்ணின் ஹலோ கேட்டதும் விசிலக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நான்தாம்மா, குளத்துல... விசிலக்கா. நான் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். நான் உங்கம்மாவைப் பாத்தேன்."

 அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சோடாபுட்டிக் கண்ணாடி, லேசர், பூச்சி, முதலுதவி டாக்டரிடம் சிரித்த சிரிப்பு. டீச்சரிடமே சொல்லாமல் விழுங்கிய ஒன்று இருந்தது. அதையும் கடைசியில் சொன்னாள்.

"அது அசைஞ்சுதும்மா. அசைஞ்சதையும் பாத்தேன். என் கண்ணு அசையறதாலதான் பூச்சி அசையுதுன்னு இருந்துட்டேன். அப்பவே குதிச்சிருந்தா உங்கம்மா இருந்திருப்பாங்க."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் கேட்டாள், "இதை விசாரணையிலயும் சொல்லுவீங்களா?"

"சொல்றேம்மா."

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வரல."

"வேணாம்மா. கேக்கறதுக்கும் எனக்கு வாய் இல்ல."

போன் வைக்கப்பட்டது. விசிலக்கா கண்ணை மூடி நின்றாள். உள்ளே, பின்னால், விலகிய இடத்தில் அந்தக் குளிர்ச்சி மறுபடியும் வந்து மெதுவாக அழுந்தியது. கண்ணைத் திறந்தபோது கறுப்புக் கீற்று இல்லை. நடையின் அந்தக் கோடியில் இருந்த பலகையின் எழுத்து வரை படிக்க முடிந்தது. சொன்னதோடு டீச்சர் போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"எங்கேம்மா ஓடிட்டீங்க? உக்காருங்க," என்றார் டாக்டர். மூன்றாவது படம் எடுத்தார்கள். ஐந்து தழும்புகளும் இருந்த இடத்தில் இருந்தன. அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "மெஷின்லதான் கோளாறு போலிருக்கு. அந்தக் கண்ணையும் ஒரு படம் எடுங்க, ஒப்பிட்டுப் பாத்துடலாம்."

விசிலக்கா வலது கண்ணை லென்ஸுக்கு நேராக வைத்தாள். இந்தக் கண்ணில் பூச்சி வந்ததில்லை, திரை இறங்கியதில்லை. கத்தியும் பட்டதில்லை. வெளிச்சம் அடித்தது.

படம் திரையில் வந்ததும் டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"இந்தக் கண்ணை நாங்க தொடவே இல்லையே!"

நான்கு தழும்புகள் வரிசையாக வளைந்திருந்தன. ஒன்று விலகிக் கீழே இருந்தது, இந்த முறை மறுபக்கமாக, இடது கையில் இருப்பதைப் போல.